வண்டியில் ரேடியோ மைக்கை மாட்டக் கிளிப்பா, காந்தமா?

வண்டியிலிருந்து கண்ட்ரோலோடும் மற்ற வண்டிகளோடும் பேசும் ரேடியோ செட்டில், கையில் பிடிக்கும் மைக்கின் முதுகில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு உலோகக் குமிழ் இருக்கும். டேஷ்போர்டில் திருகியிருக்கும் கிளிப்பில், அந்தக் குமிழ் இறங்குவதற்காக மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஒரு வெட்டு இருக்கும். பேசி முடித்ததும் குமிழை வெட்டுக்கு நேராகப் பிடித்து மேலிருந்து கீழே இறக்க வேண்டும். வண்டி நிற்கும்போது இது ஒரு வேலையே இல்லை. கத்திப்பாரா மேம்பாலத்தில் வளைந்து இறங்கிக்கொண்டே செய்து பாருங்கள். குமிழ் வெட்டைத் தேடும். முதல் தடவை சிக்காது. இரண்டாவது தடவை கண் தானாகக் கீழே போகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. 2 நொடி குனிந்தால் 22 மீட்டர். ஏறக்குறைய இரண்டு மாநகரப் பேருந்துகளின் நீளத்துக்கு ரோட்டைப் பார்க்காமல் ஓட்டியாகிவிட்டது.

வண்டிகளுக்கு ரேடியோ செட் பொருத்தித் தருவது என் தொழில். கிளிப்பைக் கழற்றிவிட்டுக் காந்தம் வைக்கலாமா என்று இப்போதெல்லாம் நிறையப் பேர் கேட்கிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகரத்துக்குள் ஓடும் வண்டிக்குக் காந்தம்தான் சரி. ஆனால் காந்தம் டேஷ்போர்டில் இருக்க வேண்டும், மைக்கில் கூடாது. டேப்பை நம்பாமல் ஸ்க்ரூவில் நிற்க வேண்டும். கிளிப் வழியாக செட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு சேதி அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றும் முடியாது என்றால் பழைய கிளிப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்தின் ஒன்பது வேன்களுக்கு இதே கேள்வி வந்தது. கேட்கக் காரணம் ஒரு ராத்திரி. ஓட்டுநர் ஒருவர் அவசரத்தில் மைக்கைக் கிளிப்பில் மாட்டாமல் சீட்டின் மேல் போட்டுவிட்டார். அடுத்த வேகத்தடையில் அது உருண்டு, சீட்டுக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் நடுவே செருகிக்கொண்டது. பேசும் பட்டன் அமுங்கியபடியே நின்றது. ஒரே அலைவரிசையில் இருந்த மற்ற எட்டு வண்டிகளுக்கும் கண்ட்ரோலுக்கும் அதற்கப்புறம் கேட்டதெல்லாம் அந்த வண்டியின் இன்ஜின் சத்தமும், ஹாரனும், பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் அழுதுகொண்டே யாருக்கோ போன் பண்ணுவதும்தான். யாரும் யாரையும் கூப்பிட முடியவில்லை. இந்த மாதிரி செட்டில் பட்டன் அமுங்கியிருக்கும்வரை வருவது எதுவும் கேட்காது என்பதால், அந்த ஓட்டுநருக்கும் நடந்தது தெரியவில்லை. தன்னை யாரும் கூப்பிடவில்லை, ராத்திரி அமைதியாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

இதற்கு செட்டிலேயே ஒரு தடுப்பு உண்டு. டைம்-அவுட் டைமரை 60 நொடிக்கு வைத்துவிட்டால், அதற்கு மேல் பட்டன் அமுங்கியிருந்தாலும் செட் ஒலிபரப்பை நிறுத்திவிடும். அந்த வண்டிகளில் அதை யாரும் வைத்திருக்கவில்லை. காந்தமோ கிளிப்போ, எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதை முதலில் வையுங்கள். ஆனால் டைமர் மற்றவர்களைத்தான் காப்பாற்றும். பட்டன் விடுபடும்வரை அந்த வண்டி பேச்சற்றுத்தான் கிடக்கும். மைக் தன் இடத்துக்குத் திரும்பிப் போவதுதான் நிஜமான தீர்வு. ஓட்டுநர் அதைச் செய்ய வேண்டுமானால், செய்வது சுலபமாக இருக்க வேண்டும்.

காந்தத்தின் பலம் அங்கேதான். வெட்டைத் தேட வேண்டாம். கை அந்தப் பக்கம் போனாலே போதும், கடைசி ஒரு சென்டிமீட்டரைக் காந்தமே இழுத்துக்கொள்ளும். "டக்" என்று ஒரு சத்தம் வரும். மைக் உட்கார்ந்துவிட்டது என்று கண்ணுக்குப் பதில் காது சொல்லிவிடும். எடுப்பதும் அப்படித்தான், நேராக இழுக்காமல் ஒரு ஓரத்தைச் சாய்த்தால் உரிந்து வரும்.

கிளிப்பின் பலம் வேறு. குமிழ் வெட்டுக்குள் இறங்கிவிட்டால் குண்டும் குழியும் ஒன்றும் செய்யாது. காந்தத்துக்கு இந்த உறுதி தானாக வராது. கடையில் "5 கிலோ தாங்கும்" என்று சொல்லி விற்பது நேராக இழுத்துப் பிய்க்கும் விசையை. செங்குத்தான டேஷ்போர்டில் மைக் கீழ்நோக்கி வழுக்கத்தான் பார்க்கும். வழுவழுப்பான பரப்பில் அதைத் தடுக்கும் விசை, பிய்க்கும் விசையில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். அதாவது அந்த 5 கிலோ, நமக்கு 1 கிலோ. கையில் பிடிக்கும் மைக் 200 கிராம் சொச்சம். குழியில் சக்கரம் இறங்கி ஏறும்போது அந்த எடை இரண்டு மூன்று மடங்காகத் தெரியும். அதோடு சுருள் வயரின் இழுப்பு. செட் சீட்டுக்கு அடியில் இருந்து வயர் விறைப்பாக நீண்டிருந்தால், மைக்கைக் கீழே இழுப்பதில் பாதி வேலையை வயரே செய்துவிடும். அதனால் 5 கிலோ காந்தம் அதிகம் என்று நினைக்காதீர்கள், அளவுதான். கூடவே வயர் தளர்ந்து தொங்கும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தகட்டைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் பெயின்ட்டோ ஸ்டிக்கரோ வந்தாலும் பிடி சட்டென்று குறையும், அதையும் பாருங்கள்.

ரப்பர் உறை போட்ட காந்தம் வாங்கினால் வழுக்கல் நன்றாகக் குறையும். ஆனால் அதில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மோட்டோரோலா, ஐகாம் போன்றவர்களின் வணிகப் பயன்பாட்டு செட்களில் அந்தக் கிளிப் வெறும் ஆணி அல்ல. அது ஒரு சுவிட்ச். மைக்கின் முதுகிலுள்ள குமிழிலிருந்து ஒரு கம்பி மைக் வயர் வழியாக செட்டுக்குள் போகிறது. கிளிப், வண்டியின் எர்த்தோடு, அதாவது அதன் உலோக உடலோடு, சேர்ந்திருக்கிறது. குமிழ் கிளிப்பைத் தொட்டால் "மைக் மாட்டியிருக்கிறது" என்று செட்டுக்குத் தெரியும். விலகினால் "ஆள் எடுத்துவிட்டார்" என்று தெரியும். எடுத்ததும் செட் என்ன செய்யும்? ஒரே அலைவரிசையைப் பல நிறுவனங்கள் பங்குபோட்டால், ஒவ்வொருவரும் காதுக்குக் கேட்காத அளவில் ஒரு தாழ்ந்த டோனைச் சேர்த்து அனுப்புவார்கள். 67 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரை அதற்கான எண்கள் உண்டு. மைக் மாட்டியிருக்கும்போது நம் டோனோடு வருவது மட்டும் கேட்கும். மைக்கை எடுத்ததும் அந்தத் தடுப்பு விலகி, அலைவரிசையில் யார் பேசினாலும் கேட்கும். அடுத்தவர் பேச்சின் மேல் ஏறிப் பேசிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பல சேனல்களை மாறி மாறிக் கேட்கும் ஸ்கேன் போட்டிருந்தால், மைக்கை எடுத்ததும் அதுவும் நின்று ஒரே சேனலில் இருக்கும்படி அமைக்கலாம்.

இப்போது கிளிப்பைக் கழற்றி ரப்பர் காந்தத்தை வைத்தால் என்ன ஆகும்? ரப்பர் வழியாக மின்சாரம் போகாது. மைக் எப்போதும் கையில்தான் இருக்கிறது என்று செட் நினைத்துக்கொள்ளும். ஊரில் உள்ள எல்லாருடைய பேச்சும் வண்டிக்குள் கேட்கும், ஸ்கேன் ஓடாது. ஓட்டுநர் எரிச்சலில் சத்தத்தைக் குறைத்து வைப்பார். அப்புறம் நிஜமான அழைப்பு வரும்போது கேட்காது. "செட் கெட்டுப்போச்சு" என்று என்னிடம் வந்த வண்டிகளில் இப்படி வந்தவை உண்டு. செட்டில் ஒரு குறையும் இருக்காது.

வழி இருக்கிறது. நிக்கல் பூசிய, ரப்பர் இல்லாத காந்தத்தை இரும்புக் கிண்ணத்தில் பொதித்தது வாங்கி, அதன் பின்பக்கத்திலிருந்து ஒரு கம்பியை வண்டியின் எர்த்துக்குக் கொடுங்கள். மைக் பக்கம் பழைய குமிழின் ஸ்க்ரூவிலேயே ஒரு இரும்பு வட்டத்தைச் சேர்த்து முடுக்குங்கள். குமிழின் கம்பி அதன் வழியாகத் தொடரும். தொட்டதும் எர்த் கிடைக்கிறதா என்று மல்டிமீட்டரில் பீப் பார்த்துவிட்டுத்தான் டேஷ்போர்டை மூட வேண்டும். வழுக்கலைத் தடுக்க, வட்டத்தின் ஓரத்தில் மெல்லிய ரப்பர் வளையத்தை ஒட்டி, நடுவில் உலோகத்தை வெறுமையாக விடலாம். வளையம் உலோக மட்டத்துக்கு மேலே எழும்பினால் தொடர்பு போய்விடும், கவனம். இதெல்லாம் வேண்டாம் என்றால், செட்டின் புரோகிராமில் இந்த வசதியை நிறுத்திவிட்டு, சேனல் காலியாக இருந்தால் மட்டும் பேசவிடும் பூட்டைப் போட்டுக்கொள்ளலாம். கம்பியைச் செட்டுக்குள் நிரந்தரமாக எர்த்தில் கட்டிவிடும் குறுக்கு வழியை மட்டும் செய்யாதீர்கள். அப்புறம் அடுத்தவர் பேசுவது தெரியாமலேயே அவர் மேல் ஏறிப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

பொழுதுபோக்காக உரிமம் வாங்கி ரேடியோவில் பேசும் ஹாம் நண்பர்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸில் பேசும் ஹாம் வண்டி செட்களில் கிளிப் பொதுவாக வெறும் கொக்கிதான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் செல்போன் படுத்துவிட்டபோது செய்தி கடத்தியவர்கள் நம் ஹாம்கள். ஈரக் கையோடு, இருட்டில், கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கும் வண்டியில் மைக்கை வைக்க வேண்டியிருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். காந்தத்துக்கு அதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டாம்.

அடுத்தது, காந்தம் யார் பக்கம் இருக்க வேண்டும் என்பது. மைக்கின் முதுகில் காந்தத்தை வைத்து, டேஷ்போர்டில் இரும்புத் தகடு வைப்பவர்கள் அதிகம். தகடு மெல்லிசாக இருக்கும், அழகாகவும் இருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த மைக் கைக்கு வரும்போது காந்தமும் கூட வருகிறது. சட்டைப் பைக்குப் பக்கத்தில், மடியில், பர்ஸின் மேல். பழைய காந்தப் பட்டை வைத்த அட்டைகள் கெடலாம். அதைவிட முக்கியம், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள். வலுவான காந்தத்தை அந்தக் கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். ஆம்புலன்ஸில் முன் சீட்டில் நோயாளியின் அப்பாவோ தாத்தாவோ உட்கார்ந்து வருவார். அவருக்கு என்ன வைத்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. காந்தம் டேஷ்போர்டில் நிலையாக இருந்தால் தூரமும் நிலையாக இருக்கும். இன்னொன்று, மைக்கில் காந்தம் இருந்தால் அது போகிற இடமெல்லாம் ஒட்டும்: சீட் தண்டவாளம், சாவிக்கொத்து, கீழே சிந்திய ஆணி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஓடும் ஒரு வண்டியின் மைக்கைப் பார்த்தேன். முதுகு முழுக்க இரும்புத் தூள் முள்முள்ளாக, பூனையின் முடிபோல நின்றது. அந்தத் தூள் மைக்கின் பேசும் ஓட்டைக்குள் போவதற்கு வெகுநேரம் ஆகாது.

காந்தம் டேஷ்போர்டில் இருந்தால் மைக்கில் இரும்பு வட்டம் போதும். அது இரும்பாகவே இருக்கட்டும். பாத்திரக்கடை எவர்சில்வர் என்று நாம் சொல்லும் 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது. 430 ரகத்தில் ஒட்டும். பித்தளை, அலுமினியம் கணக்கிலேயே இல்லை. கடையில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்து வாங்கினால் தீர்ந்தது.

பள்ளி வேன் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கழன்று வரக்கூடிய சின்னக் காந்த வில்லைகள் வேண்டவே வேண்டாம். குழந்தை இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளில் இருந்து ஒன்றையொன்று இழுத்து, குடலையே துளைத்துவிடும். கிண்ணத்தில் பொதித்து ஸ்க்ரூ போட்டதுதான் பள்ளி வேனுக்கு. அதுவும் குழந்தை கை எட்டாத பக்கம்.

சரி, டேஷ்போர்டில் எப்படி நிறுத்துவது? பிளாஸ்டிக் டேஷ்போர்டில் காந்தம் தானாக ஒட்டாது, அடித்தளம் தேவை. வி.எச்.பி. ரக டபுள் சைடு டேப் நல்ல பொருள், அதில் சந்தேகமில்லை. ஒட்டிய 20 நிமிடத்தில் பாதிப் பிடிதான் வரும், 24 மணி நேரத்தில் தொண்ணூறு சதவீதம், முழுப் பிடிக்கு 72 மணி நேரம். நம் ஊரில் ஒட்டிய கையோடு மைக்கை மாட்டிப் பார்த்துவிடுவார்கள். அது போகட்டும், டேஷ்போர்டு பல வண்டிகளில் பாலிபுரோப்பிலீன், அதுவும் சொரசொரப்பாக. எந்தப் பசையும் லேசில் பிடிக்காத பிளாஸ்டிக் அது. போதாக்குறைக்கு மாதத்துக்கு ஒரு தடவை பளபளக்கும் சிலிகான் பாலிஷ். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, பிரைமர் தடவி ஒட்டினால் நிற்கலாம். ஆனால் மைக்கை ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் காந்தம் அந்த டேப்பையும் சேர்த்து இழுக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடுப்பீர்கள், கணக்குப் போடுங்கள். கிளிப் டேப்பை இப்படி இழுப்பதில்லை. டேப் தான் வழி என்றால் கிளிப்பே தேவலை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஓட்டை போட மனம் வராதவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. செட்டைத் தாங்கும் இரும்புப் பிராக்கெட் எப்படியும் ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. அதிலிருந்து ஒரு வளைந்த பட்டியை நீட்டி, முனையில் காந்தத்தை வைக்கலாம். புதுப்பேட்டையில் பழைய வண்டியின் கன்சோல் பேனல் கிடைத்தால், அதில் ஓட்டை போட்டுக்கொண்டு, சொந்தப் பேனலைப் பத்திரமாக வைத்துவிடுபவர்களும் உண்டு. வண்டியை விற்கும்போது மாற்றிவிடுவார்கள். எப்படிச் செய்தாலும் ஏர்பேக் மூடியின் மேலும் அது விரியும் வழியிலும் எதையும் திருகாதீர்கள். 2021 ஏப்ரலிலிருந்து புதிய மாடல் கார்களில் முன் பயணி பக்கமும் ஏர்பேக் கட்டாயம். அது வெடித்து விரியும்போது அந்த இரும்புத் துண்டு பாயும் திசையில் இருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகம்.

வெயிலையும் உப்புக்காற்றையும் விட்டுவிட்டு சென்னையில் எதையும் முடிவு செய்ய முடியாது. நியோடிமியம் காந்தத்தில் சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸ் வரைதான். அதைத் தாண்டினால் போன பலம் ஆறினாலும் முழுதாகத் திரும்பாது. மெல்லிய வில்லை என்றால் அதற்கு முன்பே கொஞ்சம் இழக்கும். கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு மேல்தளம் கை வைக்க முடியாமல் கொதிக்கும். 70 டிகிரி சாதாரணம். எல்லையில் கொண்டுபோய் வைப்பதைவிட, கண்ணாடியோரத்தை விட்டுக் கீழே, கியர் பக்கம் நிழலில் வையுங்கள். இல்லையென்றால் 120 டிகிரி தாங்கும் எச் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். நியோடிமியத்தில் இரும்பு இருக்கிறது. நிக்கல் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் துருப்பிடித்து உதிரும். காசிமேட்டில் மீன் ஏற்றும் வண்டிக்கு, கடற்கரைச் சாலையோரம் நிறுத்தும் வண்டிக்கு இது கட்டாயம் வரும். கறுப்பு ஃபெரைட் காந்தம் துருப்பிடிக்காது, சூட்டுக்கும் அசராது. அதே பிடிக்குப் பெரிதாக வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஃபெரைட்டில் மின்சாரம் ஓடாது என்பதால் அந்த எர்த் சேதியை அதன் இரும்புக் கிண்ணம் வழியாகக் கொண்டுபோக வேண்டும்.

வெல்க்ரோ, காற்றை உறிஞ்சி ஒட்டும் கிண்ணம், ஏசி துவாரத்தில் செருகும் கொக்கி மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடலாம். வெல்க்ரோ தூசியில் சில மாதங்களில் பிடியை இழக்கும், இழுக்கும்போது வரும் கர்ர் சத்தம் மைக்கிலும் ஏறும். உறிஞ்சு கிண்ணம் சூட்டில் விழுந்துவிடும். ஏசி கொக்கி துவாரத்தின் தடுப்பை உடைக்கும். செட்டுக்குச் சேதி சொல்லும் வேலையை மூன்றுமே செய்யாது.

கையிலேயே பிடிக்காத ஏற்பாடும் உண்டு: தலைக்கு மேல் சன் வைசரில் ஒரு மைக், கியர் தண்டிலோ காலடியிலோ பேசும் பட்டன். காசு கூட ஆகும், இன்ஜின் இரைச்சலும் கூடவே போகும். ஆனாலும் தனியாக ஓட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தகவல் தொடர்புச் சாதனத்தைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். செல்போன் என்று மட்டும் அங்கே எழுதியிருக்கவில்லை. உதவியாளர் இருக்கும் வண்டியில் மைக்கை உதவியாளர் பக்கம் வைத்துவிடுங்கள்.

அந்த ஒன்பது வேன்களுக்கு வருகிறேன். எட்டுக்குக் காந்தம் வைத்தேன். ஒன்பதாவது வண்டி மணலிப் பக்கத் தொழிற்சாலைகளுக்குள் போய்வருவது. தூளும் துருவும் காந்தத்துக்கு ஆகாது என்பதால் அதற்குக் கிளிப்பையே விட்டு, வெட்டின் வாயை அரத்தால் ராவி இன்னும் அகலமாக்கி, குமிழ் தானாக வழுக்கி இறங்கும்படி செய்து கொடுத்தேன். அந்த ஓட்டுநருக்கும் அதுவே பிடித்தது. "இது பழகின கை, அண்ணா. காந்தமெல்லாம் சின்னப் பசங்களுக்குக் குடுங்க" என்றார்.

மற்ற எட்டு ஓட்டுநர்களையும் ஒவ்வொருவராக வடபழனியிலிருந்து போரூர் வரை ஆற்காடு சாலையில் ஓட்டச் சொன்னேன். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய ரோடு, வேறு சோதனைக்களம் தேவையில்லை. மைக் வயரைக் கழற்றிவிட்டு, கண் ரோட்டிலேயே இருக்க, 20 தடவை எடுத்து 20 தடவை வைக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் கண்ணை மட்டும் பார்த்தேன். ஏழு பேருக்குச் சரியாக வந்தது. ஐந்தாவது வண்டிக்காரர் கொஞ்சம் குள்ளம், சீட்டை முன்னே தள்ளி ஓட்டுபவர். அவர் கை ஒவ்வொரு தடவையும் காந்தத்துக்கு இரண்டு விரல்கடை இடப்பக்கமாகவே போனது. பட்டறைக்குத் திரும்பியதும் அதைக் கழற்றி, அவர் கை போன இடத்திலேயே புதிதாகத் துளை போட்டேன். பழைய இரண்டு துளைகளையும் அரால்டைட் வைத்து அடைத்துக் கறுப்பு பெயின்ட் தொட்டுவிட்டேன்.